சங்கிலி முறை மட்டும் வீண் போகவில்லை

பி.லிப். (நூலக அறிவியல்) படித்தவர்களிடம் பட்டியலாக்க பிராக்டிகல் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் சலித்துக்கொள்வார்கள். எனக்கும் அந்தச் சலிப்பு உண்டு. எங்கள் வகுப்பில் புத்தகத்தைக் கண்ணில் காட்டவே மாட்டார்கள். தலைப்புப் பக்க விவரங்களைத் தட்டச்சு செய்த தாள் ஒன்று வரும். அதை வைத்துப் பொருள் தலைப்பு எழுத வேண்டும். முன்னுரையும் உள்ளடக்கமும் பார்க்காமல் நூல் எதைப் பற்றியது என்று யாரால் சொல்ல முடியும்? பொருள் தலைப்புகளைத் தொகுத்துத் தரும் சியர்ஸ் பட்டியலைப் புரட்டி, நூலின் பெயரோடு ஒத்துப்போகிற ஒன்றை எழுதுவோம். மதிப்பெண் வந்துவிடும்.

நூலக அறிஞர் ரங்கநாதனின் சங்கிலி முறையை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். நூலின் பொருளைக் காட்டும் பகுப்பெண்ணைக் கடைசி இலக்கத்திலிருந்து பின்னோக்கி அவிழ்த்துக்கொண்டே வந்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சுட்டி, அதாவது வாசகர் தேடும் சொல்லில் ஒரு பதிவு, எழுதுவதுதான் அது. ரங்கநாதனே உருவாக்கிய கோலன் பகுப்பில் தமிழ்க் கவிதை O31,1. O இலக்கியம், 3 திராவிடம், 31 தமிழ், காற்புள்ளிக்கு அப்புறம் வரும் 1 கவிதை. அவிழ்த்தால் 'கவிதை, தமிழ்', 'தமிழ், இலக்கியம்' என்று வரிசையாக வரும். காற்புள்ளியோடு நிற்கும் துண்டு தனியாக எதையும் குறிக்காத பொய்க்கண்ணி, அதற்குச் சுட்டி கிடையாது. பொய்யில்லைதான், ஆனால் யாரும் அந்தப் பெயரில் தேட மாட்டார்கள் என்றால் அதையும் விட்டுவிடலாம். இந்த இடத்தில் எங்கள் மேடம், "இதக் கேட்டு யாராவது கவுன்ட்டருக்கு வருவாங்களா?" என்பார். விவாதம் மணிக்கணக்கில் போகும்.

கோலனுக்கு மட்டும்தான் இது பொருந்தும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 1950இல் தொடங்கிய பிரிட்டிஷ் தேசிய நூல்விவரப் பட்டியல் டூயி என்ற இன்னொரு பகுப்பு முறையின் எண்களுக்கே இந்த முறையில் சுமார் இருபது ஆண்டுகள் சுட்டி தயாரித்தது. வேலைக்கு வந்த பிறகு நானும் டூயியில்தான் அதைப் பயன்படுத்தினேன். அதில் தமிழ் இலக்கியம் 894.811. மேலே ஏறிப் பார்த்தால் 894இல் துருக்கி, ஃபின்லாந்து, ஹங்கேரி மொழிகளின் இலக்கியங்களும் கூடவே உட்கார்ந்திருக்கின்றன. இன்னும் மேலே 890, அதாவது 'பிற மொழிகள்'. இந்தக் கண்ணிகளைக் கேட்டு எந்த வாசகர் வரப்போகிறார்? கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிடலாம்.

இதன் உண்மையான பலன் பாசன நூல்களில் தெரிந்தது. டூயி பொருளைத் துறைவாரியாகப் பிரித்துப் போடுகிறது. பாசனக் கால்வாய் கட்டுவது 627.52, வயலுக்கு நீர் பாய்ச்சுவது 631.587, பாசன நீரின் பொருளாதாரம் 333.913. மூன்றும் வேறு வேறு அலமாரிகள். பாசனம் பற்றிப் படிக்க வரும் ஆய்வு மாணவர் ஒரு அலமாரியைப் பார்த்துவிட்டு, இவ்வளவுதான் போலிருக்கிறது என்று கிளம்பிவிடுவார். சங்கிலிப்படி சுட்டி எழுதினால் 'பாசனம்: பொறியியல்', 'பாசனம்: வேளாண்மை', 'பாசனம்: பொருளியல்' மூன்றும் ஒரே இடத்தில் அடுத்தடுத்து நிற்கும்.

இப்போது கோஹா என்ற நூலக மென்பொருளில் பிற நூலகங்களின் பட்டியல் பதிவை இறக்கி, பொருள் தலைப்புக்கான 650ஆம் புலத்தில் இருப்பதை அப்படியே சேமித்துவிடுகிறார்கள். வேகமான வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் எங்களிடம் பயிற்சிக்கு வருபவர்களை முதலில் புத்தகத்தைத் திறந்து பார்த்து எண் போடச் சொல்கிறேன். அப்புறம் அந்த எண்ணை ஒரு தாளில் அவிழ்க்க வேண்டும். 650 கடைசியில்தான். முணுமுணுக்கத்தான் செய்கிறார்கள்.