ஒரே மிளகாய்ச் செடியில் இலை மேலேயும் கீழேயும் சுருள்கிறது, என்ன செய்யலாம்?

வணக்கம். கொல்லையில் மிளகாய், கத்தரி, வெண்டை, தக்காளி போட்டிருக்கிறேன். வெயிலும் திடீர் மழையும் மாறி மாறி அடித்ததில் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் தொல்லை.

பெரிய தலைவலி மிளகாய்தான். இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன் (சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி), கீழ்நோக்கிச் சுருண்டு காம்பு நீண்டால் சிலந்தி (வலை பின்னும் வீட்டுச் சிலந்தி இல்லை, சாறு உறிஞ்சும் மிகச் சிறிய சிலந்திப்பேன்). என்னிடம் இரண்டும் ஒரே செடியில்! லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிக்கிறேன். புதுத் துளிர் நன்றாக வருகிறது. அப்புறம் ஒரு மழை, மறுபடி பழைய கதை. சிலந்திக்கு நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்) அடிக்கலாமா? எண்ணெய் அடித்த சூட்டோடு கந்தகம் பட்டால் இலை கருகும் என்பதால் தயங்குகிறேன். நீங்கள் எத்தனை நாள் இடைவெளி விடுகிறீர்கள்?

கத்தரியில் தண்டுப்புழு. வாடிய நுனிகளைப் புழுவோடு கிள்ளி அழித்துவிடுகிறேன். இனக்கவர்ச்சிப் பொறி (பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி ஆணை இழுக்கும் பொறி) வைத்தவர்கள் யாராவது உண்டா? அதில் ஆண் அந்துப்பூச்சி மட்டும்தானே விழும், நாலைந்து செடிக்கு அது பிரயோசனப்படுமா?

தக்காளிப் பூ உதிர்வதற்கு வெயில்தான் காரணம் என்று நினைக்கிறேன். 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுவிடும். 50 சதவீத வெயிலை மறைக்கும் நிழல்வலை போட்டால் காய்ப்பு குறையுமோ? 35 சதவீதமே போதுமா?

வெண்டை பரவாயில்லை. நரம்பு மஞ்சளான செடியை உடனே பிடுங்கிவிட்டேன், வெள்ளை ஈ அந்த வைரஸ் நோயை மற்ற செடிகளுக்கும் பரப்பிவிடும்.

கடுமையான பூச்சிக்கொல்லி மட்டும் சொல்லாதீர்கள். குழந்தைகள் தக்காளியைச் செடியிலிருந்தே பறித்துத் தின்கிறார்கள். மழைக்காலத்தில் மிளகாயைக் காப்பாற்றியவர்கள் முதலில் பதில் சொன்னால் நல்லது.