எபிபனிக்குத் தமிழ் என்ன? ஞானோதயமா, திருக்காட்சியா?

பார்வதிபுரம் வாசகன்:
ஒரு சிறுகதை விமர்சனத்துல 'முடிவுல நாயகனுக்கு ஒரு திருக்காட்சி கிடைக்குது'ன்னு எழுதியிருக்காங்க. எபிபனின்னா அங்க திடீர்னு மனசுக்குள்ள வர்ற தெளிவு, அதுக்கு எதுக்கு கோயில் வார்த்தை? ஞானோதயம்னு போட்டா போச்சு.

குளச்சல்காரன்:
அண்ணாச்சி, அந்த வார்த்தையே கோயில்லருந்துதான் கதைக்குள்ள வந்துச்சு. ஜனவரி 6, குழந்தை இயேசுவைப் பாக்க தூரதேசத்து ஞானிகள் வந்ததை நினைக்க திருநாள், இங்கிலீஷ்ல எபிபனி. நாங்க மூணு ராஜாக்கள் திருநாள்னு சொல்லுவோம், பூசையில திருக்காட்சிப் பெருவிழா. அதுக்கும் முன்னாடி கிரேக்கத்துல 'எபிபனேயா'ன்னா தெய்வம் மனுசனுக்குக் காட்சி குடுக்கது, கி.மு. 2ஆம் நூற்றாண்டுல நாலாம் அந்தியோக்கஸ் ராஜா 'எபிபனெஸ்'னு பட்டமே வச்சிருந்தாரு, வெளிப்பட்ட தெய்வம்னு அர்த்தம். அப்பம் அது வெளியில இருந்து வருகது, நாம யோசிச்சுப் பிடிக்கது இல்ல. பிறகு ஞானோதயம்னா நம்ம வீட்டுல என்ன அர்த்தம்? "இப்பதான் ஞானோதயம் வந்துச்சாலே"ன்னு ஏசுவாங்க, அதையா போய் விமர்சனத்துல எழுதுகது?

பார்வதிபுரம் வாசகன்:
ஏசுகதுக்கு எந்த வார்த்தையையும் எடுக்கலாம் தம்பி. அந்தியோக்கஸ் காலத்து அர்த்தத்தை இன்னைக்குக் கதை மேல ஏத்தப்படாது. இலக்கியத்துக்கு இதைக் கொண்டு வந்தவரு அயர்லாந்து எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ், அவரு 1941ல இறந்தபிறகு 1944ல அச்சான 'ஸ்டீபன் ஹீரோ' நாவல்ல இதுக்கு விளக்கமே இருக்கு. அங்க சாமியும் இல்ல, ராஜாவும் இல்ல, பாக்கவனோட மனசுதான்.

தக்கலை டீச்சர்:
அந்த இடத்தையே எடுத்துப் பாப்போம் சார். டப்ளின்ல ஒரு ஆபீஸ் கடிகாரம், கதைநாயகன் ஸ்டீபன் அதைத் தாண்டித் தாண்டித்தான் போவான், தெருவுல கிடக்க சாமான்ல ஒண்ணு, அவ்வளவுதான். நாம நாகர்கோவில் மணிமேடை கடிகாரத்தைத் தினமும் பாத்துட்டு வடசேரி பஸ்ஸுக்கு ஓடுகதுபோல. ஒருநாள் அது என்னன்னு சட்டுனு தெரியும், அதுதான் எபிபனிங்கான். கூட்டாளிகிட்ட அவன் சொல்லுகது அந்தக் கடிகாரத்துக்கே எபிபனி உண்டுன்னு, எனக்கு உண்டுன்னு இல்ல. அப்பம் ஜாய்ஸ்கிட்டயும் பொருள்தான் தன்னைக் காட்டுது, குளச்சல் தம்பி சொன்னது சரிதான். ஆனா ஞானோதயத்துல உள்ள உதயமும் தப்பில்ல, கேரளத்து சீரோ மலபார் கத்தோலிக்கருங்க இதே திருநாளை தனஹாம்பாங்க, அவங்க வழிபாட்டுக்குரிய சுரியானி மொழியில அதுக்கு உதயம்னுதான் அர்த்தம். அவங்களுக்கு அன்னைக்கு ராஜாக்களைவிட யோர்தான்ல இயேசு ஞானஸ்நானம் வாங்குனதுதான் முக்கியம்.

குளச்சல்காரன்:
டீச்சர், அப்படின்னா 'தோணல்'னு போடலாமே? சாமி தோன்றுகதும் எனக்குத் தோணுகதும் ஒரே வேர், எபிபனியில உள்ள ரெண்டு பக்கமும், பொருள் வெளிப்படுகதும் மனசுல படுகதும், நம்ம வார்த்தையிலயும் இருக்கு.

பார்வதிபுரம் வாசகன்:
"சும்மா தோணிச்சு, கேட்டேன்"னு தினமும் சொல்லுதோம். சந்தேகத்துக்கே இடமில்லாத ஒரு கணத்துக்கு தோணல் பத்தாது.

தக்கலை டீச்சர்:
துலக்கம்னு வச்சா என்ன? துப்பு துலங்கிச்சுங்கோம்லா, அதுல பொருளும் வெளிய வருது, நமக்கும் மனசிலாவுது. கதைக்கு அது போதும்.

பார்வதிபுரம் வாசகன்:
துலக்கம்னா நான் ஒத்துக்கிடுதேன். திரு மட்டும் வேண்டாம்.

குளச்சல்காரன்:
நான் ஒத்துக்கிட மாட்டேன். துப்பு துலங்குகது போலீஸ் கேஸு, அதுல யாருக்கும் மெய் சிலிர்க்காது. ஒரு வீட்டுல பிள்ளையப் பாத்து தூரதேசத்து ஞானிகள் நெடுஞ்சாண்கிடையா விழுந்தாங்களே, அந்த விழுகதும் சேர்ந்ததுதான் எபிபனி. கதையில அப்படி யாரும் விழலன்னா அங்க அந்த வார்த்தையே வேண்டாம், 'புரிஞ்சிச்சு'ன்னு எழுதட்டும்.