கணக்காய்வாளரை மக்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்வது சரியா?

பம்பலப்பிட்டி சிஏ மாணவன்:
என் சித்தி மகன் அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் இருக்கிறார். 2026 நவம்பரில் ஆளுநரோடு சேர்த்து மாநிலக் கணக்காய்வாளரையும் அங்கே மக்கள்தான் தெரிவு செய்கிறார்களாம். எங்கள் சிஏ (பட்டயக் கணக்காளர்) வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்வது கணக்காய்வாளர் எந்தப் பக்கமும் சாயக்கூடாது என்று, அப்படியிருக்க ஒரு கட்சியின் பெயரில் நின்று வாக்குக் கேட்டு வெல்கிறவர் அதே கட்சியின் அரசாங்கத்தை எப்படிக் கேள்வி கேட்பார்? வேட்பாளர்களில் எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறார், என்ன சொல்லலாம்?

வெள்ளவத்தை அக்கா:
தம்பி, அயோவாவே நல்ல உதாரணம். 2022 இல் கணக்காய்வாளர் பதவிக்கு நின்ற ராப் சாண்ட் அங்கே மூவாயிரத்துக்கும் குறைந்த வாக்குகளில்தான் வென்றார். மாநிலம் முழுவதற்குமான பதவிகளில் மிஞ்சிய ஒரே ஜனநாயகக் கட்சிக்காரர் அவர். அடுத்த வருஷமே, குடியரசுக் கட்சி பெரும்பான்மையில் இருந்த சட்டசபை, கணக்காய்வாளர் என்னென்ன ஆவணங்களைக் கேட்கலாம் என்பதைக் கட்டுப்படுத்திச் சட்டம் போட்டது. ஆக, மக்கள் வாக்கு மட்டும் அவரைக் காப்பாற்றவில்லை. இப்போது அவர் ஆளுநர் பதவிக்குப் போட்டியிடுவதால் அந்த இடத்துக்குப் புதியவர்தான் வரப்போகிறார். அமெரிக்காவிலும் மத்திய அரசின் தலைமைக் கணக்காய்வாளர் தேர்தலில் வருவதில்லை, ஜனாதிபதி நியமித்து செனட் சம்மதிக்க வேண்டும், பதவிக்காலம் 15 வருஷம்.

ஓய்வுபெற்ற கணக்கு லிகிதர்:
நியமனம் என்றால் எல்லாம் சரி என்று நினைக்காதீர்கள். நம் இலங்கையில் கணக்காய்வாளர் தலைமை அதிபதியை அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரத்தோடு ஜனாதிபதி நியமிக்கிறார், ஆனால் 2025 ஏப்ரலில் அந்தப் பதவியில் இருந்த விக்ரமரத்ன ஓய்வு பெற்ற பிறகு நிரந்தரமாக ஒருவரைப் போட முடியாமல் மாதக்கணக்கில் இழுபட்டது. அந்த நாற்காலி காலியாகக் கிடந்தால் என்ன ஆகும் என்பது கந்தோரில் இருந்தவர்களுக்குத் தெரியும். வாகனத்தின் ரன்னிங் சார்ட்டில் (ஓட்டப் பதிவில்) எழுதிய தூரமும் பெட்ரோல் பில்லும் ஒத்துப்போகவில்லை என்று கணக்காய்வில் இருந்து விளக்கம் கேட்டு ஓர் ஐயவினா வந்தாலே எங்கள் பிரிவில் எல்லோரும் கோப்பைத் தேடி ஓடுவோம், பதில் எழுதும்வரை பெரியவருக்கும் நித்திரை வராது. அந்தப் பயம் இருக்க வேண்டும். மத்திய வங்கிப் பிணைமுறி விவகாரத்தில், அப்போது கணக்காய்வாளர் தலைமை அதிபதியாக இருந்த காமினி விஜேசிங்கவின் அறிக்கை, அரச நிறுவனங்களை விசாரிக்கும் பாராளுமன்றக் குழுவான கோப் குழுவுக்கு எவ்வளவு உதவியது என்பதையும் மறக்கக்கூடாது.

வெள்ளவத்தை அக்கா:
ஐயா சொல்வதுதான் சரி, ஆள் முக்கியம். தம்பி, பட்டத்தை மட்டும் பார்க்கச் சொல்லாதீர்கள், சாண்ட் கணக்காளர் இல்லை, சட்டத்தரணி. வேட்பாளர் தன் சொந்தக் கட்சிக்காரர் செலவழித்த பணத்தைப் பற்றி இதுவரை எப்போதாவது பகிரங்கமாகக் கேள்வி கேட்டிருக்கிறாரா? அப்புறம், 2023 சட்டத்தால் அடைபட்ட ஆவணங்களைத் திரும்பப் பெற என்ன செய்வார்? கூட்டத்தில் எழுந்து இந்த இரண்டையும் கேட்கட்டும், மற்றக் கட்சியைத் திட்டுவதை மட்டுமே பதிலாகச் சொல்கிறவருக்கு வாக்குப் போட வேண்டாம்.

பம்பலப்பிட்டி சிஏ மாணவன்:
நன்றி அக்கா, ஐயா. இரண்டு கேள்வியையும் இன்றிரவே அவருக்கு அனுப்புகிறேன்.