சாண்ட்வுட் பே: காரை விட்டு 13 கிலோமீட்டர் நடை, எப்படித் திட்டமிடுவது?

நெய்தல்:
எல்லோருக்கும் வணக்கம். ஸ்காட்லாந்தின் வடமேற்கு மூலையில் உள்ள சாண்ட்வுட் பே கடற்கரைக்கு ஜூன் இரண்டாம் வாரம் போகிறோம். நான்கு பேர். இன்வெர்னஸில் வாடகைக் கார் எடுத்து, ஒரே நாளில் போய்த் திரும்ப எண்ணம். கார் கடற்கரை வரை போகாது, நடக்க வேண்டும் என்பது தெரியும். அந்த நடை எவ்வளவு கடினம்? எத்தனை மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும்? அம்மாவுக்கு 66 வயது, முழங்கால் வலி உண்டு. அவரையும் அழைத்துப் போகலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வடகடலோடி:
முதலில் கார் பயணம். இன்வெர்னஸிலிருந்து ஏ9, பிறகு ஏ836 பிடித்து லேர்க். அங்கிருந்து ஏ838-இல் ஷின் ஏரியை ஒட்டியே போய் லாக்ஸ்ஃபோர்டு பாலம், அதைத் தாண்டி ரைகோனிக். ரைகோனிக்கில் இடப்பக்கம் பி801-இல் திரும்பினால் கின்லாக்பெர்வி என்ற மீன்பிடித் துறைமுகம். அதற்கும் அப்பால் சின்னச் சாலையில் ஓல்ட்ஷோர்மோரைக் கடந்தால் பிளேர்மோர். கார் நிற்கும் இடம் அதுதான். மொத்தம் சுமார் 160 கிலோமீட்டர். தூரத்தைப் பார்த்து இரண்டு மணி நேரம் என்று கணக்குப் போடாதீர்கள், மூன்று மணி நேரம் வையுங்கள். சாலைப் பலகைகளில் எல்லாம் மைல் கணக்கு என்பதும் நினைவிருக்கட்டும்.

நேரம் ஏன் கூடுகிறது என்றால், லேர்கைத் தாண்டியதும் பெரும்பகுதி ஒற்றைத் தடச் சாலை. எதிரே வண்டி வந்தால் ஒதுங்க ஆங்காங்கே அகலமான இடம் விட்டிருப்பார்கள். அது உங்கள் இடப்பக்கம் இருந்தால் உள்ளே ஒதுங்குங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேராகச் சாலையிலேயே நின்றுவிடுங்கள், எதிர்வண்டி அதற்குள் சுற்றிக்கொண்டு போகும். வலப்பக்கம் தாண்டிப் போய் ஒதுங்கக் கூடாது. பின்னால் ஒரு வண்டி வேகமாக வந்தாலும் அதே இடத்தில் ஒதுங்கி வழி விடுங்கள், அவர் வேலைக்குப் போகிற உள்ளூர்க்காரராக இருக்கலாம். அங்கே காரை நிறுத்திப் படம் எடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். தார்ச்சாலையின் ஓரம் பல இடங்களில் அரித்துப் போயிருக்கும். சக்கரம் ஓரத்தில் இறங்கினால் டயரின் பக்கவாட்டு கிழியும். வாடகைக் காரின் காப்பீட்டில் டயர் அடங்குமா என்று சாவி வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

நடை: பிளேர்மோரிலிருந்து கடற்கரைக்கு 4 மைல், அதாவது ஆறரை கிலோமீட்டர். போக வர 13. செங்குத்தான ஏற்றம் கிடையாது. முதல் பாதிக்கு மேல் அகலமான வண்டித்தடம், சின்னச் சின்ன ஏரிகளை ஒட்டிப் போகும். அதன்பின் பாதை குறுகிக் கல்லும் ஈரமுமாக மாறும். கடைசியில் மணல்மேடுகளுக்கு நடுவே இறக்கம். நிதானமாக நடந்தால் ஒரு வழிக்கு இரண்டு மணி நேரம். கடற்கரையில் இரண்டு மணி நேரம் என்றால் மொத்தம் ஆறு. காரில் போக மூன்று, வர மூன்று. ஆக, பன்னிரண்டு மணி நேர நாள். ஜூனில் அங்கே இரவு பத்தரை வரை வெளிச்சம் இருக்கும் என்பதால் இருட்டுக்குப் பயம் இல்லை. ஆனால் களைப்போடு ஒற்றைத் தடத்தில் மூன்று மணி நேரம் கார் ஓட்டுவது நல்லதல்ல. ஓர் இரவாவது கின்லாக்பெர்வி அல்லது டர்னஸ் பக்கம் தங்குங்கள் என்பதே என் கருத்து.

(இதைக் குளிர்காலத்துக்காக யாராவது படித்தால்: டிசம்பரில் மாலை மூன்றரைக்கே சூரியன் மறையும். மேலே உள்ள கணக்கு அப்படியே பொருந்தாது.)

கழிமுகம்:
அம்மா விஷயம். 13 கிலோமீட்டரில் ஏற்றம் குறைவுதான், ஆனால் முழங்காலைப் படுத்துவது ஏற்றம் அல்ல. திரும்பி வரும்போது வரும் கல் தடம்தான். கடற்கரை மணலிலும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் கூடும். பாதி வழியில் முடியவில்லை என்றால் ஏறி வர வண்டி கிடையாது, உட்கார நிழலும் கிடையாது. ஊரில் ஒரே மூச்சில் 10 கிலோமீட்டர் நடந்து மறுநாள் வலி இல்லை என்றால் மட்டும் அழைத்துப் போங்கள்.

இல்லையென்றால் அவருக்கு ஏமாற்றம் வேண்டாம். ஓல்ட்ஷோர்மோர் கடற்கரை நீங்கள் போகிற வழியிலேயே இருக்கிறது. கார் நிறுத்துமிடத்திலிருந்து சில நிமிட நடை, வெளிர் மணல், தெளிந்த பச்சை நீர். கரைக்குப் பின்னால் ‘மக்கைர்’ என்ற புல்வெளி. சிப்பித்தூள் கலந்த மணல் காற்றில் பறந்து வந்து படிந்து உண்டாகும் நிலம் அது, கோடையில் முழுக்கப் பூத்துக் கிடக்கும். இதை இரண்டாந்தரம் என்று நினைக்காதீர்கள். டர்னஸில் தங்கினால் அதன் அருகே பால்நாகீல் கடற்கரையும் காரிலிருந்து இறங்கி நடக்கிற தூரம்தான். இரண்டு பேர் சாண்ட்வுட் போக, ஒருவர் அம்மாவோடு ஓல்ட்ஷோர்மோரில் இருக்கலாம். கைபேசி சிக்னல் பல இடங்களில் இருக்காது. அதனால் திரும்பிச் சந்திக்கும் நேரத்தையும் இடத்தையும் பிரியும் முன்பே முடிவு செய்யுங்கள். ஒரு மணி நேரம் தாமதமானால் பதற வேண்டாம், மூன்று மணி நேரம் தாண்டினால் 999 (அங்கே அவசர உதவி எண்) என்று ஒரு வரம்பும் பேசிக்கொள்ளுங்கள்.

பிளேர்மோரில் கழிவறை உண்டு. அதற்குப் பிறகு வழியில் எதுவும் இல்லை. கடற்கரையிலும் கடை, குப்பைத்தொட்டி, காவலர் என்று ஒன்றும் கிடையாது. அந்த நிலம் 1993 முதல் ஜான் மியூர் அறக்கட்டளையிடம் இருக்கிறது, அது அப்படியே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் பாதுகாக்கிறார்கள். கொண்டுபோன ஆரஞ்சுத் தோல் வரை திரும்ப எடுத்து வாருங்கள்.

உண்ணிச்செடி:
ஜூன் என்பதால் பூச்சி பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மிட்ஜ் என்பது கொசுவைவிட மிகச் சிறிய கடிப்பூச்சி. நூற்றுக்கணக்கில் கூட்டமாக வரும். மே முதல் செப்டம்பர் வரை, ஜூலை ஆகஸ்டில் உச்சம். மணிக்கு 11 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசினால் அதனால் பறக்க முடியாது. திறந்த கடற்கரையில் பகலில் பெரும்பாலும் தொல்லை இல்லாததற்குக் காரணம் அதுதான். காற்று நின்ற மேகமூட்டமான மாலையில், ஏரிக்கரையில், கார் நிறுத்துமிடத்தில் மொய்க்கும். தலையை மூடும் வலை விலை குறைவு, எடை இல்லை, ஆளுக்கு ஒன்று வாங்குங்கள். தேதியை மாற்ற முடிந்தால் மே மாதம் இன்னும் நல்லது. மழையும் குறைவு, மிட்ஜும் அதிகம் தலைகாட்டியிருக்காது.

உண்ணிதான் உண்மையில் கவலைப்பட வேண்டியது. உயரப் புல்லிலும் பெரணிச் செடியிலும் காத்திருந்து காலில் ஏறும். சில உண்ணிகள் லைம் நோயைப் பரப்பும். முழுநீளக் கால்சட்டை போட்டு அதை காலுறைக்குள் செருகுங்கள். இரவில் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல் நேராக மேலே இழுங்கள். எண்ணெய் விடுவது, நெருப்பு வைப்பது இரண்டும் கூடாது, அது தன் வயிற்றில் உள்ளதைக் காயத்துக்குள் கக்கிவிடும். ஒரு மாதத்துக்குள் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் உண்ணிக்கடி என்று சொல்லுங்கள். ஊர் திரும்பிய பிறகு வந்தால் நம் மருத்துவருக்கு அது சட்டென்று தோன்றாது.

நெய்தல்:
மிக்க நன்றி. ஓர் இரவு தங்குவது என்று முடிவாகிவிட்டது. அம்மாவும் அக்காவும் விடுதியில், நானும் தம்பியும் கடற்கரையிலேயே கூடாரம் போடலாமா? அனுமதி வாங்க வேண்டுமா? கடலில் குளிக்கலாமா?

வடகடலோடி:
கூடாரம் போடலாம், அனுமதிச்சீட்டு வேண்டாம். 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் ஸ்காட்லாந்தில் அந்த உரிமையைத் தருகிறது. ஆனால் நடந்து போய்த் தங்குவதற்குத்தான். காரிலேயே படுப்பது அதில் சேராது. சிறு குழுவாக, ஓரிடத்தில் இரண்டு மூன்று இரவுக்கு மேல் தங்காமல் இருக்க வேண்டும்.

கடற்கரை வடமேற்கு நோக்கியது, காற்று நேராக முகத்தில் அறையும். மணல்மேட்டுக்குப் பின்னால் மறைவு பாருங்கள். சாதாரணக் கூடார முளை மணலில் நிற்காது, ஒரே வீச்சில் பிடுங்கிக்கொள்ளும். அகன்ற மணல் முளை எடுங்கள். இல்லாவிட்டால் துணிப்பைகளில் மணல் நிரப்பி, கயிறு கட்டி, முழங்கை ஆழத்தில் புதையுங்கள், அது அசையாது. சமையலுக்குக் கேஸ் அடுப்பு. புல்மீதோ கரிமண்மீதோ (மட்கிய செடிகள் படிந்து உண்டான, எரியக்கூடிய மண்) தீ மூட்டக் கூடாது. காய்ந்த கரிமண் உள்ளுக்குள்ளேயே கனன்று, நீங்கள் போன பின் வேறிடத்தில் எரியும். குடிநீருக்குக் கரைக்குப் பின்னால் சாண்ட்வுட் ஏரி இருக்கிறது. தேநீர் நிறமாக இருந்தால் அது கரிமண் சாயம், அதனால் கேடில்லை. ஆனால் சுற்றிலும் ஆடு மேய்கிறது, நன்றாகக் கொதிக்கவிட்டே குடியுங்கள். மலம் கழிப்பது நீர்நிலையிலிருந்து 30 மீட்டராவது தள்ளி, குழி தோண்டி மூட வேண்டும். அந்தத் தாள் உங்கள் பையில் திரும்பி வர வேண்டும்.

பழைய கல்வீடு ஒன்று இடிந்து நிற்கும். உள்ளே படுக்காதீர்கள்.

கழிமுகம்:
கடலைப் பற்றி நான் சொல்கிறேன். கணுக்கால், முழங்கால் வரை நனைக்கலாம். நீந்துவது வேண்டாம். கோடையிலும் நீர் 12, 13 டிகிரிதான். திடீரென்று இறங்கினால் மூச்சு திக்கி, கை கால் சொல்வதைக் கேட்காது. அட்லாண்டிக் அலை தடையே இல்லாமல் வந்து விழும் கரை, அதனால் ஆளை உள்ளே இழுக்கும் நீரோட்டமும் உருவாகும். உயிர்காப்பாளர் இல்லை, உதவிக்கு ஓட ஆறரை கிலோமீட்டர், கையில் சிக்னல் இல்லை. மெரினாவில் அலையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தக் கடல் சாதுவாகத் தெரியும் நாள்தான் ஆபத்தான நாள்.

தென்மேற்கு முனையில் கடலுக்குள் தனியே ஒரு கல்தூண் நிற்கும், சுமார் 65 மீட்டர். ‘அம் புவாக்கில்’, கேலிக் மொழியில் மேய்ப்பன் என்று பொருள். மணலில் நின்றே நன்றாகத் தெரியும். அதன் அருகே போகப் பாறைமேல் தவழ வேண்டாம், பாசி வழுக்கும், கடல் ஏறினால் பின்வழி மூடும். வடகோடியில் ஏரி நீர் கடலில் கலக்கும் ஓடையும் அப்படித்தான். வறண்ட நாளில் கல் மேல் தாண்டலாம், மழை பெய்த மறுநாள் இடுப்பளவு இழுப்போடு ஓடும். அதைத் தாண்டிக் கேப் ராத் கலங்கரை விளக்கம் வரை போகும் ஆசை வந்தால், இடையில் ராணுவம் குண்டு சுடும் பயிற்சி நிலம் இருக்கிறது. பயிற்சி நாட்களை முன்கூட்டியே பார்க்காமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கிளம்பும் முன் ஒன்று செய்யுங்கள். இரண்டு பேரின் பிரிட்டிஷ் கைபேசி எண்ணிலிருந்தும் ஆங்கிலத்தில் ‘ரெஜிஸ்டர்’ என்று 999-க்குக் குறுஞ்செய்தி அனுப்பி, வரும் பதிலுக்கு ‘யெஸ்’ என்று உறுதி செய்யுங்கள். பேச முடியாத அளவு சிக்னல் பலவீனமான இடத்திலும் குறுஞ்செய்தி சில சமயம் போய்ச் சேரும். பதிவு செய்யாத எண்ணிலிருந்து அது செல்லாது. கடற்கரையில் விபத்து என்றால் 999-இல் ‘கோஸ்ட்கார்டு’ (கடலோரக் காவல்) என்று கேளுங்கள். பாதையில் காலை உடைத்துக்கொண்டால் முதலில் ‘போலீஸ்’, அவர்களிடம் ‘மவுன்டன் ரெஸ்கியூ’ (மலை மீட்புக் குழு).