முகாமை ஒட்டிய பள்ளியில் பணியாற்றிய ஆண்டுகள்

1990 ஜூனில் இலங்கையில் மீண்டும் போர் மூண்டபோது கடல் கடந்து வந்த குடும்பங்களில் ஒரு பகுதியினரை ஈரோடு மாவட்டத்திலும் குடியமர்த்தினார்கள். அப்படி அமைந்த முகாம் ஒன்றை ஒட்டிய அரசுப் பள்ளியில் நான் ஆசிரியராக இருந்தேன். அகதிகள் வந்தால் உள்ளூர்ப் பள்ளி கெட்டுவிடும் என்ற பேச்சை இன்றும் கேட்கிறேன். நான் கண்டது வேறு. ஊர்ப் பிள்ளைகள் தனியார் பள்ளி வேன்களில் ஏறிப் போகத் தொடங்கிய காலத்தில், எங்கள் வகுப்புகளை நிரப்பியவர்கள் முகாம் பிள்ளைகளே. மாணவர் எண்ணிக்கையை வைத்தே ஆசிரியர் பணியிடங்கள் கணக்கிடப்படுவதால், அவர்கள் இல்லையென்றால் எங்களில் சிலரை உபரி என்று பணிநிரவலில் வேறு ஊருக்கு அனுப்பியிருப்பார்கள்.

உரசல் இல்லாமல் இல்லை. ஊருக்கென்று கட்டிய தொட்டியிலிருந்தே முகாமுக்கும் தண்ணீர் விட்டதால், கோடையில் குழாயடியில் சண்டை வரும். கூடுதல் தொட்டி கட்டியிருக்க வேண்டியவர்களை யாரும் கேட்கவில்லை. ஏச்செல்லாம் குடத்துடன் நின்ற முகாம் பெண்களுக்கே விழுந்தது.

கூலிப் பிரச்சினை இதைவிட ஆழமானது. முகாம் ஆண்களில் பலர் பெயின்ட் அடிக்கும் வேலைக்குப் போனார்கள். கூலியைக் கெடுக்கிறார்கள் என்று உள்ளூர்த் தொழிலாளர்கள் குமுறினார்கள். அந்தக் குமுறலில் நியாயம் உண்டு. ஆனால், வருவாய்த் துறையினர் தணிக்கைக்கு வரும் நாளில் நேரில் நிற்காவிட்டால் அரசு தரும் உதவித்தொகை நின்றுபோகும் என்ற நிலையில், வெளியூரில் தங்கி நல்ல கூலி தேட அவர்களால் முடியாது என்பது மேஸ்திரிகளுக்கு நன்றாகத் தெரியும். “குறைஞ்ச கூலிக்குப் போக எங்களுக்கு விருப்பமே, டீச்சர்? செக்கிங்குக்கு நிக்கோணும், தூரத்துக்குப் போகேலாது” என்று ஒரு மாணவனின் தந்தை என்னிடம் சொன்னார். இரு தரப்பின் கூலியையும் இறக்கியது அந்தக் கட்டுப்பாடுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

2021இல் தமிழக அரசு இந்த அகதி முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றி, பத்துக்குப் பத்து அடி அறைகளுக்குப் பதிலாகப் புதிய வீடுகள் கட்டித் தர முன்வந்ததை மனதார வரவேற்கிறேன். குடியுரிமை மட்டும் இன்னும் எட்டவில்லை. 1987 ஜூலை முதல் இங்கே பிறந்தவர்கள் அதைப் பெறப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்தாக வேண்டும். 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டமோ பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களோடு நின்றுவிட்டது. எங்களிடம் படித்துப் பட்டம் பெற்ற பிள்ளைகள் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாமல், தந்தையரோடு பெயின்ட் வேலைக்கே போகிறார்கள்.