மூதூரில் போட்ட கண்காணிப்புக் கட்டளை, உப்புவெளிக்கு வந்த பிள்ளை: யாரிடம் கேட்பது?

மூதூர்ச் சித்தி:
அக்காவின் மகனுக்கு 15 வயது. பெரிய பொடியன்களோடு சேர்ந்து மோட்டார் சைக்கிள் களவெடுத்ததாக வழக்கு. நன்னடத்தை உத்தியோகத்தரின் (probation officer) கண்காணிப்பில் வீட்டுக்கு விட்டார்கள். இப்போது குடும்பம் மூதூரிலிருந்து உப்புவெளிக்கு வந்துவிட்டது, இரண்டும் திருகோணமலை மாவட்டம்தான். இங்கே கேட்டால் "கோப்பு வரவில்லை", அங்கே கேட்டால் "அனுப்பியாச்சு". பள்ளிக்கூடத்திலும் சேர்க்க வேண்டும். பிள்ளை இப்போது யார் பொறுப்பில் இருக்கிறான்?

ஓய்வுபெற்ற நன்னடத்தைக்காரன்:
தங்கச்சி, கட்டளை மாறும்வரை பழைய உத்தியோகத்தர்தான் பொறுப்பு. சட்டத்தரணி மூலம் நீதிமன்றத்தில் நகர்த்தல் பத்திரம் (motion, எழுத்து விண்ணப்பம்) போட்டு, புது முகவரியைப் பதிந்து, கண்காணிப்பை மாற்றக் கேளுங்கள். வாய்ப்பேச்சில் கோப்பு நகராது. "அனுப்பியாச்சு" என்றால் எந்தத் திகதி, எந்தக் கடித இலக்கம்? 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

இந்த அலைச்சலுக்கு ஒரு ஆளை மட்டும் குறை சொல்ல முடியாது. இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு நன்னடத்தை வேலை மாகாண சபைக்கு வந்தது. பொலிஸ் மத்திய அரசின் கீழ். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் மத்திய அரசின் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் ஆள். பக்கத்து மேசையில் சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தர், 1998ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் ஆள். ஆளுக்கொரு பதிவேடு, ஆளுக்கொரு இலக்கம். மாத முடிவில் நாங்கள் எண்ணிக்கை அனுப்புவோம், அவர்களும் அனுப்புவார்கள். ஒரே பொடியன் மூன்று பிள்ளையாக எண்ணப்படுவான். ஆனால் அவன் வீடு மாறினால் மூன்று பேருக்கும் தெரியாது. எனக்கு அப்போதும் இதுதான் கோபம், இப்போதும் இதுதான்.

கிண்ணியா ஆசிரியர்:
ஐயா, இதைத் தீர்க்க எல்லாப் பதிவேட்டையும் ஒரே கணினியில் போட்டால் பள்ளிக்கூடம்வரை வழக்கு தெரிந்துவிடாதா? அப்படித் தெரிந்த பிள்ளையைக் கடைசி வாங்கில் ஒதுக்கி வைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற நன்னடத்தைக்காரன்:
சரியான பயம், தம்பி. குற்றம் என்ன என்பது நீதிமன்றத்துக்கும் உத்தியோகத்தருக்கும் போதும். மற்ற மேசைகளுக்கு மூன்று விபரம் தெரிந்தால் போதும்: பிள்ளை எங்கே இருக்கிறான், யார் பார்க்கிறார், அடுத்த வழக்குத் தவணை எப்போது. அதிபருக்குப் பழைய பள்ளிக்கூடத்தின் விடுகைப் பத்திரம் காணும். தங்கச்சி, அங்கே வழக்குக் கதையை எடுக்காதீர்கள். இங்கேயும் அவன் பெயரைப் போட வேண்டாம்.

மூதூர்ச் சித்தி:
விடுகைப் பத்திரம் கையில் இருக்கிறது, நாளைக்கே போகிறேன். சட்டத்தரணிக்குக் காசில்லை. சட்ட உதவி ஆணைக்குழுவில் கேட்கலாமா?

ஓய்வுபெற்ற நன்னடத்தைக்காரன்:
தாராளமாக. வழக்கிலக்கமும் கட்டளையின் பிரதியும் கொண்டுபோங்கள். அக்காவையும் கூட்டிப்போங்கள், ஒப்பம் அவர்தான் வைக்க வேண்டும்.