ஜெல்லி பாக்கெட்ல ஜெலட்டின்னு இருக்கு, சைனா கிராஸ்ல பண்ணா செட்டே ஆகல, கொஞ்சம் உதவுங்க

வடவள்ளி அம்மா:
வணக்கமுங்க. வர்ற ஞாயித்துக்கிழமை பாப்பாவுக்கு ஏழாவது பிறந்தநாள், கேக் வேண்டாம் கலர் கலரா ஜெல்லிதான் வேணும்னு ஒரே அடம். அண்ணன் துபாய்ல இருந்து நாலு பாக்கெட் கொண்டு வந்திருந்தாங்க, அதுல பச்சைப் புள்ளியும் இல்ல பிரவுன் முக்கோணமும் இல்ல, ஹலால்னு மட்டும் போட்டிருந்துச்சு, சரி அப்ப சைவம்தான் போலன்னு அடுப்புல தண்ணி வெச்சுட்டு திருப்பிப் பாத்தா பொடி எழுத்துல மாட்டு ஜெலட்டின்னு இருக்கு. எங்க அத்தை முட்டை போட்ட கேக்கையே தொடமாட்டாங்க, கை நடுங்கிடுச்சு.

அதனால 10 கிராம் சைனா கிராஸ் வாங்கி அரை லிட்டர் ஆரஞ்சு ஜூஸ்ல அப்படியே போட்டு ரெண்டு எலுமிச்சம்பழமும் புழிஞ்சு கொதிக்க வெச்சேன், அஞ்சு நிமிஷம் ஆகியும் நூல் நூலா நிக்குது, இறக்கி ஃபிரிட்ஜ்ல இருந்த மாம்பழக் கூழ ஊத்தினதும் அங்கங்க கட்டி கட்டியா ஆயிடுச்சு, காலைல பாத்தா மேல தண்ணி அடில ரப்பர். எங்க தப்பு? அந்த ஜெலட்டின் எதுல இருந்துதான் வருது?

கேட்டரிங் தம்பி:
அக்கா, ஜெலட்டின்ங்கறது மாடு, பன்னியோட தோல், எலும்புல இருக்கற கொலாஜன்ங்கற புரதத்த ஆசிட்லயோ சுண்ணாம்புலயோ நாள்கணக்கா ஊற வெச்சு சுடுதண்ணில இறக்கி எடுக்கறது. கொம்பு குளம்புல இருந்து வருதுன்னு நிறைய பேர் சொல்றாங்க, அது சரியில்ல, அதுல இருக்கறது கெரட்டின்ங்கற வேற புரதம், அதுல ஜெலட்டின் வராது. மீன் தோல்ல இருந்தும் எடுப்பாங்க. ஆட்டுக்கால் சூப் ஆறினா ஃபிரிட்ஜ்ல கட்டியா நிக்குமே, அதே சமாச்சாரம்தான்.

வெளிநாட்டு பாக்கெட்ல நம்ம ஊரு புள்ளிய எதிர்பாக்க முடியாது, பின்னாடி இருக்கற பட்டியல்தான் கதி. அதுல சேர்மான நம்பர் 406னா அகர் (நம்ம சைனா கிராஸ்தான்), 407னா காராஜீனன், 440னா பெக்டின், மூணுமே செடி, பாசி வகைதான், தைரியமா வாங்கலாம். ஜெலட்டின்னு பேரே இருந்தாலோ 428, 441னு இருந்தாலோ வெச்சுடுங்க. மார்ஷ்மெல்லோ, கம்மி மிட்டாய், மாத்திரை கேப்சூல்லயும் இது இருக்கும், அதையும் பாத்துக்கங்க.

கீழக்கரை லாத்தா:
தங்கச்சி, ஹலால்னா நாங்க சாப்பிடலாம்னு அர்த்தம், சைவம்னு அர்த்தம் இல்லம்மா. உங்க அத்தை மனசு நோகக்கூடாதுன்னு நினைக்கறீங்களே, அதுக்காகவே விவரமா எழுதறேன், நோன்பு மாசம் முழுக்க எங்க வீட்டுல கடல்பாசி உண்டு, நீங்க சொல்ற சைனா கிராஸ்தான் அது.

மொதல்ல பாசிய கத்திரில துண்டு துண்டா வெட்டி பச்சத் தண்ணில அரை மணி நேரம் ஊற போடுங்க. அப்புறம் அந்த 10 கிராமுக்கு முக்கா லிட்டர் தண்ணி வெச்சு சின்னத் தீயில கிண்டிக்கிட்டே இருங்க. கரண்டியத் தூக்கிப் பாத்தா கரண்டிமேல ஒரு நூல்கூட ஒட்டக்கூடாது, கண்ணாடி மாதிரி வழியணும், அதுவரைக்கும் சீனி கூட போடாதீங்க. சில்லுனு ஒரு தட்டுல ஒரு சொட்டு விடுங்க, ஒரு நிமிஷத்துல உறைஞ்சு விரலால தள்ளினா நகருச்சுன்னா சரியா வந்துருச்சு. புளிப்ப கூட சேத்து கொதிக்க வெச்சா பாசியோட பிடிப்பு போயிரும், உங்களுக்கு தண்ணி நின்னது அதனாலதான். எலுமிச்சை, ஆரஞ்சு எல்லாம் அடுப்ப அணைச்சப்புறம் கடைசியா. மாம்பழக் கூழ் வெதுவெதுன்னு இருக்கணும், ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்து ஊத்தினா பட்ட இடமெல்லாம் உடனே உறைஞ்சு கட்டிதான் விழும்.

கேட்டரிங் தம்பி:
லாத்தா சொல்றதுதான் கரெக்ட். அகர் கரைய நல்லா கொதிக்கணும், ஆனா 35, 40 டிகிரிக்கு வந்தாலே உறைஞ்சுடும், மறுபடி உருகணும்னா 85 கிட்ட போகணும். ஜெலட்டின் நம்ம வெயில்லயே குழைஞ்சுடும். 1881ல ஜெர்மனில கிருமி ஆராய்ச்சி பண்ண ராபர்ட் கோக் கூட வேலை பாத்தவரோட மனைவி ஃபேனி ஹெஸ்ஸி, ஜெலட்டின்ல கிருமி வளக்கறது சூட்டுல உருகிப் போகுதுன்னு தெரிஞ்சு, வீட்டு ஜெல்லிக்கு போடற அகர போட்டுப் பாருங்கன்னு சொன்னாங்க, இன்னிக்கு வரைக்கும் எல்லா லேப்லயும் அதுதான். இன்னொண்ணு, வேக வெக்காத அன்னாசி, பப்பாளி போட்டா ஜெலட்டின் செட்டே ஆகாது, அதுல இருக்கற என்சைம் புரதத்த உடைச்சுடும், அகர் புரதம் இல்லங்கறதால கவலையே இல்ல.

பாம்பன்:
பாசி எங்க கடல்தான் அக்கா. அகர் எடுக்கறது மரிக்கொழுந்து பாசி, கஞ்சிப்பாசில இருந்து, மன்னார் வளைகுடால பொம்பளைங்கதான் விரல்ல துணியச் சுத்திக்கிட்டு மூச்சப் பிடிச்சு முங்கி பாறையில இருந்து பிடுங்கறாங்க, பவளப்பாறை கையக் கிழிச்சுடும். காராஜீனன் வர்றது வேற பாசி, மூங்கில் தெப்பத்துல கட்டி 45 நாள்ல அறுக்கறது, ஊர்ல பெப்சி பாசின்னே சொல்லுவோம், அந்த கம்பெனிதான் இங்க மொதல்ல வளக்க வெச்சுச்சு. சைனா கிராஸ்னு பேர் இருக்கறதால சீனாவுல விளையற ஏதோ புல்லுன்னு நினைச்சுக்காதீங்க.

சமையல் புதுசு:
பாதாம் பிசின் போட்டா செட் ஆகுமா?

கீழக்கரை லாத்தா:
ஆகாதும்மா, அது ஊறி உப்பும், உறையாது. ஜிகர்தண்டாவுக்குப் போடுங்க.

வடவள்ளி அம்மா:
இன்னிக்கு ஒரு தடவ செஞ்சு பாத்துட்டேன்! நூலே இல்ல, ஃபிரிட்ஜே இல்லாம மேடையிலயே அரை மணில உறைஞ்சுடுச்சு, அத்தை பக்கத்துலயே நின்னு பாத்தாங்க. ரெண்டு விஷயம் மட்டும், பாக்கெட் ஜெல்லி மாதிரி ஆடல, கடிச்சா படக்குனு உடையுது. தேங்காப்பால் லேயர் மேல மாம்பழ லேயர் ஊத்தினா வெட்டும்போது தனியா உரிஞ்சு வந்துடுது.

கீழக்கரை லாத்தா:
பாசி அப்படித்தான் உடையும், 10 கிராமுக்கு ஒரு லிட்டர் தண்ணி வெச்சா கொஞ்சம் மெதுவா வரும். ரொம்ப ஆடணும்னு பாப்பா கேட்டா பச்சைப் புள்ளி போட்ட காராஜீனன் பாக்கெட் வாங்கிக்கங்க. லேயர் உரியறதுக்கு காரணம் அடி லேயர் முழுசா ஆறிட்டது. மேல ஏடு மாதிரி கட்டி, தொட்டா விரல்ல ஒட்டணும், சூடும் கொஞ்சம் இருக்கணும், அந்த நேரத்துல ரெண்டாவதையும் சூடாவே கரண்டி முதுகுல விட்டு மெதுவா ஊத்துங்க.